பூஜ்யத்தில் நின்ற முள்

சபாபதி தமது ஐம்பத்திரண்டாவது வயதில் மறுபடியும் வகுப்பில் போய் உட்கார்ந்தார். 2023 ஜூலை 8, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. இடம் சிகாமட் நகரில் ஒரு டயர்க் கடையின் மாடி. பதிமூன்று பேர், எல்லோரும் செம்பனை எண்ணெய் ஆலைகளில் நீராவியோடு வேலை செய்பவர்கள். பெக்கோக் பக்கத்திலிருந்த சபாபதியின் ஆலைக்குப் புதிதாக வந்த மேனேஜர், டிசம்பருக்குள் சான்றிதழ் எடுக்காதவர்கள் பழக்குலை இறக்கும் மேட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். வெயிலில் நின்று குலைகளைக் குத்தித் தள்ளும் வேலை அது. இருபத்தேழு வருடம் பழம் அவிக்கும் கொப்பரையைப் பார்த்துக்கொண்ட மனிதருக்கு அது பெரிய இறக்கம். அதனால் பேனாவை எடுத்தார்.

கொப்பரை என்றால் அண்டா அல்ல. படுக்க வைத்த இரும்பு உருளை. பழக்குலை நிறைந்த கூண்டுகளைத் தண்டவாளத்தில் உள்ளே தள்ளி, இரண்டு மீட்டருக்கு மேல் அகலமான வட்டக் கதவைப் பூட்டி, நீராவி விட்டு வேகவைப்பார்கள். வெந்ததும் நீராவியை வெளியேற்றி, மீட்டரில் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு கதவைத் திறக்க வேண்டும்.

2016 பிப்ரவரி 3, புதன்கிழமை, காலை 10.40க்கு அப்படித் திறந்தபோதுதான் லெட்சுமணன் செத்தார். சபாபதியோடு ஒரே ஷிப்டில் பதினான்கு வருடம் நின்றவர். கதவுக்குக் கீழே சோதனைக் குழாய் ஒன்று உண்டு; உள்ளே நீராவி மிச்சம் இருக்கிறதா என்று அதைத் திறந்து பார்த்த பிறகே கதவில் கை வைக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குழாயில் எண்ணெய்க் கசடு அடைத்து வருடக் கணக்காகியிருந்தது. அதை யாரும் திறப்பதில்லை, சபாபதியும் திறந்ததில்லை. முள்ளைப் பார்ப்பார்கள், ஸ்பேனரால் கதவை மூன்று தட்டு தட்டுவார்கள், திறப்பார்கள். விசாரணை அறிக்கை லெட்சுமணன் சோதனைக் குழாயைத் திறக்கவில்லை என்று எழுதி, "பணியாளரின் கவனக்குறைவு" என்று முடித்துவிட்டது. ஊருக்கு அந்த இரண்டு சொல் போதவில்லை. குடித்திருப்பான் என்றார்கள். லெட்சுமணன் வருடத்தில் இரண்டு முறை, தீபாவளிக்கும் ஒரு கல்யாணத்துக்கும் குடிப்பவர். அவர் மனைவி கிருஷ்ணம்மா சாஆ ஊரில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறார். அந்தப் பேச்சு ஏழு வருடமாக அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. குடிகாரன் பெண்டாட்டி என்று ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் சொன்ன அன்று, கிருஷ்ணம்மா வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்து, கணவரின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார். படம் அங்கேயே கிடந்தது.

வகுப்பு எடுத்தவர் பெர்னார்ட். தொழிற்பள்ளி ஆசிரியர், வயது நாற்பத்தொன்று. முதல் நாள் ஒரு சுருள்வில்லைப் பலகையில் வரைந்தார். சும்மா தொங்கும்போது நீளம் 12 சென்டிமீட்டர். 2 கிலோ கட்டினால் 16 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் நீட்ட எவ்வளவு விசை வேண்டும்?

சபாபதி 2 கிலோவை 20 நியூட்டன் ஆக்கினார், அது சரி. அதைப் பதினாறால் வகுத்து 1.25 என்று எழுதினார்.

"அண்ணே, ஸ்பிரிங்கு சும்மா இருக்கும்போதே பன்னெண்டு இருக்குலா. அந்தப் பன்னெண்டையும் வெயிட்டு வந்து இழுத்துச்சா?" என்றார் பெர்னார்ட்.

"இல்ல சார்."

"அப்ப எங்கிருந்து எண்ணணும்?"

"பன்னெண்டுலருந்து. நாலுதான் நீண்டுச்சு. இருபதை நாலால வகுத்தா… அஞ்சு."

"அஞ்சு என்னா? அஞ்சு ஆடா, அஞ்சு மாடா? யூனிட் போடுங்க. விடைக்குக் கீழ ரெண்டு கோடு போடுங்க. பரீட்சைல அதுக்கும் மார்க்கு."

பக்கத்தில் இருந்த மனோகரன், வேறோர் ஆலைக்காரர், வாயை மூடாத மனிதர், "சார், என் பெண்டாட்டிக்கு இந்தக் கணக்கு போட முடியாது. அது எங்கிருந்து ஆரம்பிக்கும்னே தெரியாது, நேரா பதினாறுக்குப் போயிரும்" என்றார். பதிமூன்று பேரும் சிரித்தார்கள். சபாபதியும் சிரித்தார். நோட்டில் 5 N/cm என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை திரவ, வாயு அழுத்தம். பெர்னார்ட் ஒரு தொட்டியையும் வட்ட மூடியையும் வரைந்தார். மூடியின் ஆரம் 1 மீட்டர். உள்ளே அழுத்தம் 0.1 பார். மூடியை வெளியே தள்ளும் விசை என்ன?

"பாயிண்டு ஒண்ணா? அது ஒண்ணுமே இல்லியே சார்" என்றார் மனோகரன். "மீட்டர்ல முள்ளு அசைஞ்சாலே அவ்வளவுதான். கையால புடிச்சுக்கலாம்."

"புடிச்சுப் பாருங்க. 0.1 பார்னா பத்தாயிரம் பாஸ்கல். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்தாயிரம் நியூட்டன். மூடிக்கு எத்தன சதுர மீட்டரு?"

வட்டத்தின் பரப்பு 3.14. விசை 31,400 நியூட்டன். கிலோவில் 3,140. மூன்று டன்னுக்கு மேல்.

"அலமாக்" என்று வாயைப் பிளந்தார் மனோகரன். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் தத்தம் கதவை நினைத்துக்கொண்டார்கள்.

அன்று வகுப்பு முடிந்த பிறகு சபாபதி எழுந்திருக்கவில்லை. தமது ஆலையின் கதவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார். விட்டம் 2.1 மீட்டர், பரப்பு 3.465. அழுத்தம் எவ்வளவு என்று போடுவது? அறிக்கையின்படி முள் பூஜ்யத்தில் இருந்தது. தாமும் பக்கத்தில் நின்று பார்த்தது. பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம். ஆனால் பூஜ்யம் நியூட்டன் ஒரு மனிதனைப் பதினொரு மீட்டர் தூக்கி எறிந்து கூண்டுத் தண்டவாளத்தில் போட்டிருந்தது.

"சார், மீட்டர் பூஜ்யம் காட்டியும் உள்ள பிரஷர் இருக்குமா?"

பெர்னார்ட் மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். "இருக்கும்ணே. மீட்டருக்குள்ள வளைஞ்ச குழாய் ஒண்ணு இருக்குலா, அதுவும் ஒரு மாதிரி ஸ்பிரிங்குதான். எங்கிருந்து எண்ணணும்னு அதுக்கு நாமதான் சொல்றோம். தப்பான எடத்துல பூஜ்யத்த வெச்சிட்டா அப்புறம் காட்டுறதெல்லாம் தப்பு. அடியில ஒரு சின்ன ஆணி இருக்கும், முள்ளு அதுல சாஞ்சு நிக்கும். கீழ போகணும்னாலும் போக முடியாது. பாக்குறவனுக்குப் பூஜ்யம் மாதிரியே இருக்கும்."

சபாபதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினார்.

அவருக்கு ஒரு பழக்கம். ஆலையின் பெரிய பதிவேட்டில் எழுதுவதையெல்லாம் சட்டைப்பையில் வைத்திருக்கும் 555 குட்டி நோட்டிலும் எழுதிக்கொள்வார். கதவு பூட்டிய நேரம், அழுத்தம், திறந்த நேரம், என்ன பழுது, யார் பார்த்தது. கணக்கெழுதும் கிராணி ஒருமுறை அவர் மேல் பழி போட்டதிலிருந்து வந்த பழக்கம். நோட்டு நிறைந்தால் பிஸ்கட் டின்னில் போடுவார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிய பிறகு, நாலு டின்னையும் கூடத்தில் கொட்டினார்.

"கரப்பான் முட்டையெல்லாம் வீட்டுக்குள்ள கொட்டுறீங்களே" என்றார் மனைவி ராசம்மா.

"செத்த சும்மா இரு."

அவர் தேடியது சேஃப்டி வால்வைப் பற்றிய வரிகளை. உள்ளே அழுத்தம் அளவு மீறினால் தானே திறந்து கத்தும் வால்வு. ஒரு ஸ்பிரிங் அதை அமுக்கிப் பிடித்திருக்கும். நீராவி தள்ளும் விசை ஸ்பிரிங்கின் விசையை மிஞ்சினால் திறக்கும். 2014 செப்டம்பர் 10 வரை, அது கத்திய நாளிலெல்லாம் மீட்டர் 3.2 பார் என்று இருந்தது. செப்டம்பர் 12இலிருந்து 3.0. பிறகு எப்போதும் 3.0தான். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அக்டோபர் 27ஆம் தேதி ஃபிட்டர் அதைக் கழற்றி வேறு போட்டார். விளக்குப் பிடித்தவர் சபாபதி. "உள்ளே ஸ்பிரிங் நீளம் 120 மி.மீ. வாய் விட்டம் 40" என்று எழுதி வைத்திருந்தார். தூக்கிப் போட்ட அந்தப் பழைய ஸ்பிரிங்கை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். காற்றில் அறையாமல் இருக்கப் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்து, ஒன்பது வருடமாக அது அங்கேதான் இருந்தது.

அதை எடுத்துக் கழுவினார். சும்மா நிற்கும்போது நீளம் 140. சிமெண்டுத் தரையில் நிற்க வைத்து, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே ஒரு பலகை வைத்தார். பலகையின் மேல் பத்து லிட்டர் தோம்பு வாளி இரண்டு, நிறையத் தண்ணீர். இருபது கிலோ. நீளம் 130. இன்னும் இரண்டு தோம்பு வைத்தார். 120. எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். மூன்று முறையும் 120.

நாற்பது கிலோ, 400 நியூட்டன். வால்வின் வாய்ப் பரப்பு 0.001257 சதுர மீட்டர். வகுத்தால் 318,218 பாஸ்கல். கிட்டத்தட்ட 3.2 பார்.

ஸ்பிரிங் தளரவே இல்லை. கடைசி நாள் வரை அது 3.2இல்தான் திறந்தது. 3.0 என்று சொன்னது மீட்டர். செப்டம்பர் 10க்கும் 12க்கும் நடுவில் மீட்டர் 0.2 பார் குறைத்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறது.

செப்டம்பர் 11 வியாழக்கிழமையின் பக்கத்தை அவர் கடைசியாகத்தான் திருப்பினார். தம் கையெழுத்து: "மீட்டர் முள் 0.2இல் நின்றது. சரி செய்தேன். கரண்டி 2."

அன்றைக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வெளியே பதினேழு லோரி வரிசை. நீராவியை வெளியே திறந்துவிட்டுக் கால் மணி ஆகியும் முள் இறங்கவில்லை. வேலை வாங்கும் மண்டோர் கத்திக்கொண்டிருந்தார். மீட்டர் கோளாறு என்று நினைத்து, கண்ணாடியைக் கழற்றி, தம் சாப்பாட்டுக் கரண்டி ஒன்று, லெட்சுமணனுடையது ஒன்று, இரண்டையும் முள்ளின் அடியில் கொடுத்து நெம்பி எடுத்து, பூஜ்யத்தில் வைத்து அமுக்கினார். "படுத்துருச்சுடா" என்று லெட்சுமணனிடம் சொல்லிச் சிரித்தார். கரண்டி ஒன்று வளைந்து போனது. பிறகு தேநீர் மணி அடித்தது. இருபது நிமிடம் கழித்து வந்து லெட்சுமணன் கதவைத் திறந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆகவே மீட்டர்தான் கோளாறு என்று முடிவாகிவிட்டது.

மீட்டர் அன்று உண்மையைத்தான் சொல்லியிருந்தது. நீராவி வெளியேறும் வடிகாலில் கசடு அடைத்து, உள்ளே 0.2 பார் நீராவி நிஜமாகவே இருந்தது. தேநீர் குடித்த இருபது நிமிடத்தில் அது மெல்லக் கசிந்து போயிருக்கிறது. சபாபதி அந்த 0.2க்குப் பூஜ்யம் என்று பெயர் வைத்துவிட்டார். ஒரு வருடம் நாலு மாதம் இருபத்துமூன்று நாள் வடிகால் அடைக்காமல் இருந்ததால் யாரும் சாகவில்லை. மறுபடி அடைத்த அன்று லெட்சுமணன் முள்ளைப் பார்த்தார், மூன்று தட்டு தட்டினார், திறந்தார்.

20,000 பெருக்கல் 3.465. விசை 69,300 N. அடியில் இரண்டு கோடு போட்டார். கை அதுவாகவே போட்டது.

ராசம்மா நாலு தோம்பையும் பார்த்தார், அவர் முகத்தையும் பார்த்தார். சபாபதி சொல்லி முடித்ததும் கேட்டார்.

"விசாரணையில உங்கள மீட்டரப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன். அப்ப அப்படித்தான் நெனச்சேன்."

"கரண்டியப் பத்தி?"

"சொல்லல."

"ஏன் சொல்லல?"

"மீட்டர்ல கை வெச்சவன் வேலை போயிரும்."

"பயந்துட்டீங்க."

"ஆமா."

"ஏழு வருஷம் ஆச்சு. அவரு பொண்ணு லோஷினி உங்கள மாமான்னு கூப்பிடுது. நீங்க சொல்லி அந்த மனுசன் திரும்பி வரப் போறாரா?" என்றார் ராசம்மா. ஆனால் சொல்லிக்கொண்டே அவர் அலமாரியிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

கிருஷ்ணம்மா வீட்டில் அன்று மதியம் மூன்று மணிக்கு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. லோஷினிக்குக் கெலாங் பாத்தாவில் தொழிற்சாலை வேலை. அந்த வாரம் வரவில்லை.

"வாங்கண்ணே. அண்ணி வரலியா? தேத்தண்ணி கலக்கட்டுமா?"

"வேணாம்மா. உக்காரு."

நோட்டை விரித்து வைத்து, முதல் வரியிலிருந்து சொன்னார். ஸ்பிரிங், தோம்பு, 120, 3.2, 3.0. செப்டம்பர் 11க்கு வந்ததும் சபாபதி அந்த வரியில் விரலை வைத்தார். கரண்டி என்றார்.

கிருஷ்ணம்மா எழுந்து சமையலறைக்குள் போனார். இழுப்பறை இழுபடும் சத்தம். திரும்பி வந்து மேசைமேல் ஒரு கரண்டியை வைத்தார். காம்பு நடுவில் வளைந்திருந்தது.

"இதா?"

"அதேதான்."

"எப்படி வளைஞ்சிச்சுன்னு கேட்டேன். சபா அண்ணன் மீட்டரு ரிப்பேர் பண்ணுனாரு, கெட்டிக்காரருன்னு சொன்னாரு." நோட்டைப் பார்த்தபடி, "அந்தக் கதவு எவ்வளவு தள்ளிச்சுன்னு போட்டிருக்கீங்க?"

"ஏழு டன்."

"ஏழு டன்னுனா?"

"ஒரு லோரி நிறைய பழம்."

"அப்ப குடிக்காதவனாலயும் புடிச்சிருக்க முடியாது."

"யாராலயும் முடியாதும்மா."

"முள்ளப் பாத்துட்டுத்தான் தொறந்தாரு?"

"பாத்துட்டுத்தான். நான் பக்கத்துல நின்னேன். முள்ளு பூஜ்யத்துல இருந்துச்சு."

"இதையே அன்னிக்குச் சொல்லியிருந்தா?"

சபாபதி நோட்டை மூடினார்.

"கல்யாண வீட்ல, கோயில்ல, எங்க போனாலும் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். நீங்க ஒருத்தர்தான் அவரக் குடிகாரன்னு சொல்லலன்னு. நீங்க அப்படிச் சொல்லலைங்கறத சிநேகம்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்." அவர் அழவில்லை. கரண்டியை நோட்டின் மேல் வைத்தார். "நீங்க இனிமே இங்க வராதீங்கண்ணே. இந்தக் கணக்க ஒரு நல்ல தாள்ல எழுதுங்க. எங்க எங்க எழுதிப் போடணுமோ போடுங்க. ஒண்ணு எனக்குக் குடுத்துவிடுங்க. கையெழுத்துப் போட்டு."

ஆகஸ்ட் 2ஆம் தேதி சபாபதி நான்கு பிரதி எழுதினார். ஒன்று விசாரணை செய்த அலுவலகத்துக்கு, ஒன்று ஆலைக்கு, ஒன்று கிருஷ்ணம்மாவுக்கு, ஒன்று தமக்கு. மேனேஜர் கூப்பிட்டு, பழைய கொப்பரை 2019இலேயே பழைய இரும்புக்குப் போய்விட்டது, மீட்டரும் இல்லை, எதை வைத்து நிரூபிப்பீர்கள் என்று கேட்டார். ஸ்பிரிங் இருக்கிறது என்றார் சபாபதி. மறுநாளே அவரைப் பழக்குலை மேட்டுக்கு மாற்றினார்கள். அலுவலகத்திலிருந்து நவம்பர் 20ஆம் தேதி பதில் வந்தது: கடிதம் கிடைத்தது, கோப்பு முடிக்கப்பட்டது, மறுவிசாரணைக்கு இடமில்லை. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற பதினொரு பேரிடம் அவர் நடந்ததைச் சொன்னார். இரண்டு பேர் கடைசிவரை கேட்டார்கள். ஒருவர், "விடுங்கண்ணே, செத்தவனப் பத்தி இப்ப என்னாத்துக்கு" என்றார். குடிகாரன் என்று ஏழு வருடம் சொன்னபோது செத்தவனைப் பற்றிப் பேசலாமா என்று அந்த மனிதருக்குத் தோன்றியதில்லை.

டிசம்பர் 2ஆம் தேதி பரீட்சை எழுதினார். 78 மார்க். சான்றிதழ் வந்தபோது அவர் வெயிலில் குலை தள்ளிக்கொண்டிருந்தார். மனோகரன் போனில், "அண்ணே, நான் அறுவத்தொண்ணு. நீங்க எம்பத்தஞ்சு எடுப்பீங்கன்னு நெனச்சேன், மக்குதான் நீங்களும்" என்று கிண்டல் செய்தார். வைப்பதற்கு முன் குரல் தாழ்த்தி, "எங்க ஆலையில அந்தச் சின்னச் சோதனைக் குழாயக் குத்தி அடைப்ப எடுத்துட்டோம்ணே. இப்பத் தொறந்து பாத்துட்டுத்தான் கதவு" என்றார்.

2024 பிப்ரவரி 3 சனிக்கிழமை. எட்டாவது வருட நினைவு நாள். சபாபதி பூவும் பழமும் வாங்கிக்கொண்டு சாஆவுக்குப் போனார். வராதீர்கள் என்று சொன்ன வீடு. கேட்டுக்கு வெளியே நின்று, பையைக் கம்பியில் மாட்டினார். வாசல் கதவு திறந்திருந்தது. லெட்சுமணனின் படம் சுவருக்கு வந்திருந்தது, மாலையோடு. படத்துக்குக் கீழே, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள், சபாபதியின் கையெழுத்தில் ஒரு தாள். அவ்வளவு தூரத்திலிருந்து வரிகள் தெரியவில்லை. கடைசி விடைக்குக் கீழே போட்ட இரண்டு கோடு மட்டும் தெரிந்தது.

உள்ளிருந்து லோஷினி வந்து வாசலில் நின்றாள். மாமா என்று கூப்பிடவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சபாபதி மணி பார்த்தார். லெட்சுமணன் கதவைத் திறந்த 10.40க்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது. அதுவரை நின்றார். பிறகு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.